கழுமரமில்லாக் காத்தான்

முல்லைத்தீவு மாவட்டத்தில் முள்ளியவளையை அடுத்துள்ள ஊர் தண்ணீரூற்று. அங்கே ஒரு சலூனில் நமது முறை வருமளவும் காத்திருந்தபோது சுவரிலிருந்த படமொன்றை நெடுநேரம் பார்க்க நேர்ந்தது. வேலுடன் முருகன் நிற்கும் நாட்காட்டி ஒருபுறம். மறுபுறம், தாடி வளர்ந்த முகத்தில் இரத்தம் தெறித்திருக்க வெறித்து நோக்கும் ஒரு மனிதனின் படம். கொலை செய்து முடித்தவனின் முகம் அது என்பதை அறிந்துகொள்ள யாரிடமும் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. ஆயினும் கேட்டோம். "ரோலெக்ஸ், ஐயா! இப்ப பெடியள் வந்து கேக்கிறது இந்த வெட்டும் இந்தத் தாடியும்தான்" என்றார் சலூன்காரத் தம்பி. கதிரையில் அமர்ந்திருந்த பையனுக்குப் பதினைந்து பதினாறு வயதிருக்கும். மீசை இன்னும் கறுக்கவில்லை. படம் பார்த்தாயா தம்பி என்று வினவினோம். "படம் முழுக்கப் பாக்கேல்ல ஐயா. அந்தக் கடைசித் துண்டு மட்டும் போனிலை பாத்தனான்" என்றான்.

அந்தக் கடைசித் துண்டு என்ற சொல்லைக் கேட்டதிலிருந்தே இக்கட்டுரையை எழுத வேண்டுமென்ற எண்ணம் நமக்கு எழுந்தது.

ரோலெக்ஸ் என்பது 2022 ஜூனில் வெளிவந்த 'விக்ரம்' என்னும் திரைப்படத்தில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயர். போதைப்பொருள் வணிகத்தின் தலைவன். படத்தின் முடிவிற் சில நிமிடங்களே தோன்றுகிறான், தன்னைச் சுற்றி நிற்கும் கூட்டத்தாரை நடுங்கவைக்கிறான், ஒருவனை வெட்டிச் சாய்க்கிறான், அவ்வளவே. படமோ, அதன் கதைப்போக்கின்படி, போதைப்பொருளுக்கு எதிரானது. போதையற்ற சமுதாயத்தை அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்ல வேண்டுமென்று அதன் நாயகன் இரண்டரை மணி நேரம் போராடுகிறான். இவ்வளவும் நடந்த பின்னர் சட்டைகளிலும் ஸ்டிக்கர்களிலும் முச்சக்கரவண்டிகளின் பின்கண்ணாடிகளிலும் சலூன்களின் சுவர்களிலும் வந்து குடியேறியவன் யார்? போதைக்கெதிராகப் போராடியவனிலும் பார்க்கப் போதை விற்றவனே. அறத்தைக் கதை சொல்லிற்று; மறத்தை விளம்பரம் விற்றது. பின்னதைத்தான் பையன் வாங்கியிருக்கிறான். அவனுக்குக் கதையை யாரும் கொடுக்கவில்லை.

இங்கே ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நன்று. குற்றத்தைப் பற்றிக் கலை பேசக்கூடாதென்று நாம் கூறவரவில்லை. களவும் கொலையும் பழியும் இல்லாத பேரிலக்கியம் எந்த மொழியிலும் அரிது. களவுப் பழி சுமத்தப்பட்டுக் கொலையுண்ட கோவலனின் கதையைக் கூத்தாக ஆடுகின்ற மண் இது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசியிற் பொங்கல் வைக்கும் மக்களுக்குக் குற்றமும் தண்டனையும் புதிய பொருள்களல்ல. நமது விசாரணை திரைப்படத்தைப் பற்றியதன்று. திரைப்படத்திலிருந்து வெட்டியெடுக்கப்பட்டு, திரையரங்கின் வாயிலுக்கு ஒருபோதும் போகாத பிள்ளையின் கையிலும் கொண்டுவந்து திணிக்கப்படும் அந்தத் துண்டைப் பற்றியது. சுவரொட்டி, முதற்பார்வைப் படம், முன்னோட்டம், முதற்பாடல், பின்னணி இசை என்று அதற்குப் பல உருவங்கள் உண்டு. அவையனைத்தும் விளம்பரங்களே. ஆனாற் கலையின் சலுகைகள் யாவும் தமக்கும் உரியனவென்று அவை கருதுகின்றன. ஒரு சவர்க்காரத்தின் விளம்பரத்தை நாம் எவ்வாறு கேள்வி கேட்போமோ அவ்வாறு இவற்றைக் கேட்க நமது விமரிசகர்கள் முன்வருவதில்லை. படம் வந்தபின் எழுதுகிறார்கள். படம் வருவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே ஊரெல்லாம் வந்துவிடுகிற விளம்பரத்தைப் பற்றி எழுதுவதில்லை.

அத்தகைய சுவரொட்டி ஒன்றைச் சற்று நின்று பாருங்கள். நாயகன் நிற்கிறான், அல்லது சிம்மாசனம் போன்ற ஆசனத்தில் அமர்ந்திருக்கிறான். நம்மைவிட உயரத்தில் அவனும் அவனைவிடத் தாழ்வில் நாமும் இருக்கும்படியாகப் படம் எடுக்கப்பட்டிருக்கும். கையில் அரிவாளோ துப்பாக்கியோ சுத்தியலோ உண்டு. அதில் இரத்தமும் உண்டு. யாருடைய இரத்தம்? அந்த மனிதனைப் படத்திற் காணோம். சடலம் இல்லை, சடலத்தின் மேல் விழுந்து கதறும் தாய் இல்லை, மரண விசாரணை இல்லை, வழக்குச் செலவுக்கு ஈடுவைத்த காணி இல்லை, மறியற்சாலைக்குச் சோற்றுப் பார்சலோடு மாதாமாதம் பஸ் ஏறும் மனைவி இல்லை. வெட்டியவனுக்குங்கூட ஒரு கணம் கை நடுங்கியிருக்குமே, அந்த நடுக்கமும் இல்லை. இரத்தம் மட்டும் செந்நிறச் சாயம்போல அழகாகத் தெறித்திருக்கிறது. ஒரு கொலையிலிருந்து மனிதர் அனைவரையும் அகற்றிவிட்டு எஞ்சியதைத்தான் நமது பிள்ளைகளுக்குக் கவர்ச்சியென்று காட்டுகிறார்கள். அந்த நாயகன் என்ன தொழில் செய்து உண்கிறான் என்றுகூட அப்படத்திலிருந்து அறிய இயலாது. அவனைச் சூழ்ந்து நிற்பவர்கள் தலை குனிந்திருக்கிறார்கள் என்பது மட்டுமே நிச்சயமாகத் தெரிகிறது.

இந்தத் தலைகுனிவைத்தான் இவ்விளம்பரம் உண்மையில் விற்கிறது என்பது நமது துணிபு. கொலை செய்ய வேண்டுமென்று எந்தப் பையனும் சலூனுக்குப் போவதில்லை. தான் நடந்து வரும்போது நாலு பேர் விலகி வழிவிட வேண்டுமென்று அவன் ஆசைப்படுகிறான். வயலில் நாட்கூலிக்குப் போகும் தந்தைக்கு யாரும் அவ்வாறு வழிவிடுவதில்லை என்பதை அவன் பார்த்திருக்கிறான். படித்துப் பட்டம் பெற்ற அண்ணன் வேலை கேட்டு வீதியில் அமர்ந்து போராடியதையும் பார்த்திருக்கிறான். மரியாதைக்குரிய நேர்வழிகள் எல்லாம் நீண்டனவாகவும் அடைபட்டனவாகவும் தோன்றும் வேளையில், குறுக்குவழி ஒன்றின் படத்தைச் சுவர்தோறும் ஒட்டிவைக்கிறான் வணிகன். அந்த வழியிற் பையன் போய்ச் சேருகிறானா என்பது வணிகனுக்குக் கவலையில்லை. படச்சீட்டு, சட்டை, கைபேசியின் டேட்டா ஆகியவற்றுக்குப் பணம் கிடைத்துவிட்டது.

சட்டம் இதையெல்லாம் காணாதா என்று வாசகர்கள் கேட்கலாம். சட்டத்தின் கண் எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்பதற்கு அண்மைக்காலத் தமிழ்த் திரையுலகமே நல்ல சான்று தந்திருக்கிறது. 2018 ஜூன் 21 அன்று விஜய் நடித்த 'சர்கார்' படத்தின் முதற்பார்வைச் சுவரொட்டி வெளியாயிற்று. அதில் நாயகன் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான். உடனே எதிர்ப்பு எழுந்தது; தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையிலிருந்து நோட்டீஸ் போயிற்று; புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்யும் 2003 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் நினைவூட்டப்பட்டது; ஜூலையில் அந்தப் படம் இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. நல்ல காரியம், நாம் குறைகூறவில்லை. அந்தப் படத்தின் நாயகன் கொலைகாரனல்லன், பெரிய கம்பனியொன்றின் அதிபன் என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும். ஐந்தாண்டு கழித்து, 2023 ஜூன் 22 அன்று, அதே நடிகரின் பிறந்தநாளில், 'லியோ' படத்தின் முதற்பார்வை வெளியாயிற்று. இம்முறை கையில் இரத்தம் தோய்ந்த பெரிய சுத்தியல். அதே நாளில் வந்த முதற்பாடலுக்கு எதிராகப் புகார் எழுந்தது. பாட்டின் காணொளியிற் புகைத்தல், மது ஆகியவை பற்றிய எச்சரிக்கை வாசகங்கள் சேர்க்கப்பட்டன. சில வரிகளும் தணிக்கைக்கு உள்ளாயின. சுத்தியலைப் பற்றி எச்சரிக்கை எதுவும் எழுதப்பட்டதாக நாம் காணவில்லை. சிகரெட் நுரையீரலுக்குக் கேடு என்று எழுதலாம். சுத்தியல் மண்டையோட்டுக்குக் கேடு என்று எழுதினால் நகைப்புக்கிடமாகும் என்று எண்ணினார்கள் போலும்!

இலங்கையிலும் இதுவே நிலை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மது ஆகியவற்றின் விளம்பரங்களைத் தடைசெய்துள்ளது. 21 வயதுக்குட்பட்டோருக்கு அவற்றை விற்பதும் குற்றமாகும். நமது தொலைக்காட்சிகளில் தமிழ்ப்படம் பார்த்தோருக்குத் தெரியும்: பாத்திரத்தின் வாயிலுள்ள சிகரெட்டை ஒரு மங்கல் மறைத்துவிடும். மதுக் கிண்ணத்துக்கும் அவ்வாறே. மறுகையிலுள்ள அரிவாள் பெரும்பாலும் பளபளவென்று தெரியும். ஒரு வீட்டில் இக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி, "அந்தாள் கையில என்னத்த ஒளிக்கினம்?" என்று கேட்டாள். சுருட்டு என்று தாய் சொன்னதும், "அது இவ்வளவு கூடாததோ?" என்றாள். அந்தப் பிள்ளையின் தர்க்கத்தில் எந்தப் பிழையும் இல்லை. மறைக்கப்படுவது கூடாததென்றால் மறைக்கப்படாதது கூடுவதுதானே.

வயது வரம்பு என்று ஒன்று உண்டே என்பர் சிலர். உண்டு. 2025 ஓகஸ்டில் வெளியான ரஜினிகாந்தின் 'கூலி' படத்துக்கு வன்முறையின் காரணமாக வயதுவந்தோர்க்கு மட்டும் என்னும் சான்றிதழ் வழங்கப்பட்டது. தயாரித்த நிறுவனம் அதனை ஏற்கவில்லை; சிறுவரும் பெற்றோருடன் பார்க்கத்தக்க சான்றிதழ் வேண்டுமென்று சென்னை உயர்நீதிமன்றம் சென்றது; மனு தள்ளுபடியாயிற்று. வளர்ந்தோருக்கு மாத்திரம் கதை சொல்ல விரும்பும் கலைஞன் அந்தச் சான்றிதழையிட்டு வருந்தமாட்டான். சிறுவரின் சீட்டுக் காசு கணக்கில் இருந்தமையாலன்றோ நீதிமன்றப் படியேற நேர்ந்தது! மேலும், சான்றிதழ் படத்துக்கே. படத்தின் சுவரொட்டிக்கு வயதில்லை. கைபேசியில் வரும் முன்னோட்டத்துக்கு வாயிற்காவலன் இல்லை. பதினெட்டு வயதானவன் பணம் கொடுத்துப் பார்க்க வேண்டிய வெட்டைப் பத்து வயதுப் பிள்ளை இலவசமாக, வேண்டிய தடவை, சோற்றுக் கோப்பையை முன்னே வைத்துக்கொண்டு பார்க்கிறது.

இனி, வேறொரு தரப்பிலிருந்து வரும் எதிர்வாதத்தைக் கவனிப்போம். நமது நண்பர்களே இதனைக் கூறுகிறார்கள். கள்ளனைக் கொண்டாடுவது மக்கள் மரபல்லவா? உத்துவன்கந்தைச் சரதியேலை இலங்கைச் சிங்கள மக்கள் இன்னும் பேசவில்லையா? 1954 இல் வந்த 'மலைக்கள்ளன்' குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெறவில்லையா? இந்த முள்ளியவளை மண்ணில் முல்லைமணி நாடகமாக எழுதிய பண்டாரவன்னியன் ஆங்கிலேயனின் சட்டப்படி குற்றவாளியே அல்லனா?

இந்த வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆங்கில வரலாற்றாசிரியர் எரிக் ஹொப்ஸ்போம் 1969 இல் வெளியிட்ட நூலொன்றில், அரசும் நிலப்பிரபுவும் குற்றவாளியென்று தேடும் ஒருவனைக் குடியானவர் தம்மவனென்று காப்பாற்றும் நிலைமையை உலகின் பல பாகங்களிலிருந்தும் எடுத்துக்காட்டி ஆராய்ந்தார். அத்தகைய கள்ளனை மக்கள் மதித்தமைக்குக் காரணம் அவன் வெட்டினான் என்பதன்று. யாரிடமிருந்து எடுத்தான், யாருக்குக் கொடுத்தான் என்பதே. அவன் ஊருக்குள் வாழ்ந்தான். ஊர் அவனை விசாரித்தது. 1864 மே மாதம் 7 ஆம் நாள் கண்டியிற் சரதியேலோடு தூக்கிலிடப்பட்டவன் மம்மலே மரைக்கார் என்னும் முஸ்லிம் தோழன் என்பதையும் மக்கள் மறக்கவில்லை. அவனைப் பிடிக்கச் சென்ற வேளையில் மார்ச் 21 அன்று உயிரிழந்த கொன்ஸ்தாபிள் சபானையும் நாடு மறக்கவில்லை. அந்நாளையே பொலிஸார் தமது வீரர் நினைவு நாளாகக் கொள்கின்றனர். கதை முழுமையாக நின்றது. இரு பக்கத்துச் சாவும் அதில் உண்டு. பண்டாரவன்னியனோ 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியது தன் ஆசனத்தின் பளபளப்பைக் காட்டுவதற்கன்று. சலூன் சுவரிலுள்ளவன் யாரிடமிருந்து எடுத்தான்? யாருக்குக் கொடுத்தான்? அவன் விற்கும் போதைப்பொருளை வாங்கி அழிகிறவன், அவனது படத்தைச் சுவரிற் பார்த்து அவனைப்போல முடிவெட்டிக்கொள்ளும் அதே ஏழைப் பையன்தான். கள்ளனால் கொள்ளையிடப்படுபவனே கள்ளனின் உருவத்தைச் சுமக்கும் விந்தையை எந்த நாட்டார் கதையிலும் நாம் கண்டதில்லை.

தமிழ்த் திரைப்படத்தையே எடுத்துக்கொண்டாலும் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட நாம் ஆயத்தமாக இல்லை. மணிரத்தினத்தின் 'நாயகன்' (1987), தான் வளர்த்த நிழலுக்குள் தன் மகளையே இழந்துபோகிற மனிதனைக் காட்டிற்று. செல்வராகவனின் 'புதுப்பேட்டை' (2006) பசியிலிருந்தும் பயத்திலிருந்தும் ஒரு ரவுடி எவ்வாறு உருவாகிறான் என்று காட்டத் துணிந்தது. சசிகுமாரின் 'சுப்ரமணியபுரம்' (2008) வேலையற்ற இளைஞரை அரசியல்வாதி எவ்வாறு கத்தியாகப் பயன்படுத்திக் கைவிடுகிறான் என்பதையே கதையாகக் கொண்டது. இவற்றுள்ளும் குறைகள் உண்டு. ஆனாற் கணக்கு முழுமையாகக் காட்டப்பட்டிருக்கிறது, வரவும் செலவும். வேதனை என்னவென்றால், இவற்றிலிருந்து வெட்டப்பட்டுக் கைபேசிகளிற் சுற்றும் துண்டுகளைப் பார்ப்பவனுக்கு வரவு மட்டுமே தெரியும். நாயகன் நடந்து வரும் காட்சி சுற்றுகிறது. மகள் முகம் திருப்பிக்கொள்ளும் காட்சி சுற்றுவதில்லை. நல்ல படத்தையும் கெட்ட படத்தையும் விளம்பரம் ஒரே அளவிற் கத்தரித்துவிடுகிறது.

வெளியுலகிலும் இது நடக்கிறது. 2016 டிசம்பரில் ஸ்பெயினின் தலைநகர் மட்ரிட்டில், மக்கள் பெருந்திரளாகக் கூடும் சதுக்கத்தில், கொலம்பியப் போதைப்பொருள் வணிகன் பாப்லோ எஸ்கோபார் பற்றிய தொலைக்காட்சித் தொடருக்காகப் பாரிய விளம்பரப் பலகை ஒன்று வைக்கப்பட்டது. எஸ்கோபார் வேடமிட்ட நடிகரின் முகம். அதனருகே வெண்ணிற நத்தார் என்று இருபொருள்பட ஒரு வாழ்த்து. வெண்மை பனியையும் குறிக்கும், கொக்கெயின் தூளையும் குறிக்கும். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். கொலம்பிய அரசு சிரிக்கவில்லை. அதனை அகற்றுமாறு கேட்டது. 1989 நவம்பரில் எஸ்கோபாரின் கூட்டம் வைத்த குண்டு ஒரு பயணிகள் விமானத்தை வானிற் சிதறடித்தது. அதிலிருந்த 107 பேரும் மாண்டனர். தரையிலிருந்தோரும் மூவர் மாண்டனர். பிணத்தை எடுத்து அடக்கியவர்களின் நாடு அது. மட்ரிட்டின் வழிப்போக்கனுக்கு நகைச்சுவையாக இருந்தது அவர்களுக்கு அவ்வாறு இருக்கவில்லை.

அந்தக் கொலம்பியரின் நிலையிலன்றோ வன்னி மக்களும் இருக்கிறார்கள்! 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரின் ஊர்கள் இவை. கால் இழந்தவர் இல்லாத வீதி இங்கே அரிது. காணாமலாக்கப்பட்ட பிள்ளையின் படத்தை நெஞ்சோடு ஏந்தித் தாய்மார் ஆண்டுக்கணக்காக முல்லைத்தீவிற் போராடி வந்திருக்கிறார்கள். 1990 ஒக்ரோபரில் வெளியேறுமாறு பணிக்கப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் வெற்று வீடுகளையும் தண்ணீரூற்று அறியும். ஆயுதத்தின் முன் தலை குனிந்து நிற்பது எப்படி இருக்குமென்று இம்மண்ணின் முதியோருக்குத் திரைப்படம் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் 2009க்குப் பின் பிறந்த பிள்ளைகள் இன்று சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறார்கள். வீட்டில் அவர்களிடம் யாரும் எதையும் சொல்வதில்லை; சொல்ல முடியாமலும் இருக்கிறது, சொல்லப் பயமாகவும் இருக்கிறது. அந்த மௌனம் விட்டுச்சென்ற வெற்றிடத்திலே துப்பாக்கியின் படத்தோடு வணிகன் வந்து நிற்கிறான். தந்தையின் உடம்பிலிருந்து இன்னும் எடுக்கப்படாத சன்னத்துண்டைப் பற்றிப் பிள்ளைக்குத் தெரியாது. திரையிற் பறக்கும் குண்டின் ஓசையை அவன் வாயாலேயே செய்துகாட்டுகிறான்.

இது வெறும் கற்பனை அச்சமன்று என்பதற்கு யாழ்ப்பாணத்தைப் பார்க்கலாம். 'ஆவா' என்னும் பெயருடைய வாள்வெட்டுக் கும்பலைப் பற்றி 2014 முதலே செய்தித்தாள்கள் எழுதி வந்திருக்கின்றன. 2016 ஒக்ரோபரில் குளப்பிட்டிச் சந்தியிற் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்து பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். சில நாட்களிற் சுன்னாகத்தில் பொலிஸ் புலனாய்வாளர் இருவர் வாளால் வெட்டப்பட்டனர். அதற்கு உரிமைகோரி ஆவா பெயரில் துண்டுப்பிரசுரம் வெளிவந்தது. அந்தக் கும்பலை உருவாக்கியதே முன்னைய ஆட்சிக்காலப் பாதுகாப்புத் தரப்பினரென்று மறுமாதம் அமைச்சர் ராஜித சேனாரத்ன கூறினார். உண்மை எதுவாயினும் ஆகுக. நாம் இங்கு கவனிப்பது அந்தத் துண்டுப்பிரசுரத்தை. குற்றம் ஒளியாமல் தன்னைத் தானே விளம்பரம் செய்யத் தொடங்கிவிட்டது. அதுவும் நீதியின் பெயரால், நீதி கிடைக்காமற் கொதித்திருந்த மக்களை நோக்கி. அதன்பின் வந்த ஆண்டுகளில் வாளோடு நின்று படமெடுத்து டிக்டொக்கில் வெளியிட்ட இளைஞர்கள் கைதானதாகப் பலமுறை படித்திருக்கிறோம். அந்தக் காணொளிகளின் இலக்கணம் எங்கிருந்து வந்தது? மெதுவான நடை, தாழ்ந்த கோணம், சூழ நிற்கும் தோழர், பின்னணியில் திரைப்பட இசை: சுவரொட்டியைப் பார்த்து எழுதிய பாடம் அது. வாளை அவர்களுக்குத் திரைப்படம் கொடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வோம். வேலையின்மையும், சாதியும், கைவிட்ட அரசியலும், பாராமுகமான காவற்றுறையும் கொடுத்தன. வாளைப் பிடித்து நிற்கும் விதத்தைத் திரைப்பட விளம்பரம் கொடுத்தது. அவ்வாறு நின்றால் அழகாயிருக்குமென்ற நம்பிக்கையையும் அதுவே கொடுத்தது.

இவ்விடத்தில் முற்போக்கு அணியினராகிய நம்மைப் பற்றியும் ஒரு சொல். அறுபதுகளில் நமது மூத்தோர் தென்னிந்திய வணிக ஏடுகளின் குப்பைக்கு எதிராகக் குரல் கொடுத்தார்கள். எழுபதுகளில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடும் வந்தது. ஈழத்து எழுத்து அதனாற் பயன்பெற்றது. அந்த நினைவிலேயே நம்மிற் சிலர் இன்றும் தடைசெய் என்று முழங்குகிறார்கள். துறைமுகத்தில் வந்திறங்கிய கட்டைத் தடுக்கலாம். கைபேசிக்குள் வருவதை எந்தச் சுங்கத் திணைக்களம் தடுக்கும்? மேலும், தணிக்கைக் கத்தரிக்கோலை அரசின் கையிற் கொடுத்தால் முதலில் எது வெட்டப்படுமென்பதை இந்த நாட்டு எழுத்தாளனுக்கு எடுத்துரைக்க வேண்டுமா? வாளுக்கு முன் நம் வாய் வெட்டப்படும். ஆனாற் சுவரொட்டிக்கும் முன்னோட்டத்துக்கும் படத்துக்குரிய வயது வரம்பே பொருந்துமென்று ஒரு விதி செய்வது தணிக்கையாகாது. சிகரெட்டுக்குச் செய்ததைப் போன்றதே அது. பாடசாலை வாயிலுக்கு முன்னும் கோயில் வீதியிலும் இரத்தச் சுவரொட்டி ஒட்டலாகாதென்று பிரதேச சபை ஒன்று தீர்மானிப்பதற்குக் கொழும்பின் அனுமதியைக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. நமது விமரிசகரோ படத்தின் ஒளிப்பதிவைப் புகழ்ந்த கையோடு அதன் விளம்பரத்தையும் ஒரு பிரதியாக வாசித்து எழுதட்டும். ஆசிரியர் ஒருவர் வகுப்பில் ஒரு சுவரொட்டியை விரித்து, இந்தப் படத்தில் யார் இல்லை என்று பிள்ளைகளைக் கேட்கட்டும். நாம் அறிந்த ஆசிரியை ஒருவர் அவ்வாறு கேட்டார். "இரத்தம் வந்த ஆள்" என்று பின்வரிசையிலிருந்து உடனே பதில் வந்ததாம்.

சலூனில் அந்தப் பையனைக் கண்ட அதே கிழமையில், அயலூர் மாரியம்மன் கோயிலடியிற் காத்தவராயன் கூத்து நடைபெற்றது. நாமும் சென்றிருந்தோம். காத்தானும் சட்டத்தை மீறியவனே. சாதி வேலியைத் தாண்டி ஆரியமாலையை விரும்பியவன். களவும் கபடமும் வேடமாற்றமும் அறிந்தவன். இளைஞர் மெச்சும் துடுக்கு அவனிடம் நிறைய உண்டு. ஒருவர் மாறி ஒருவராகப் பலர் காத்தான் வேடம் தரித்து ஆடினர். உடுக்கும் ஆர்மோனியமும் ஓயவில்லை. தாய் தடுக்கிறாள், அவன் கேட்கவில்லை. சனங்கள் நித்திரை முழித்துக் காத்திருந்ததெல்லாம் விடியற்புறத்துக் கழுமரத்துக்காகவே. உயர்ந்த மரத்தில் ஒவ்வொரு படியாகக் காத்தான் ஏறும்போது முன்வரிசைக் கிழவிகள் கண்ணைத் துடைத்தனர். ஒருவன் செய்ததற்கு ஊரும் சாத்திரமும் சேர்ந்து விதித்த விலை பார்வையாளனின் கண்முன்னே ஏற்றப்படுகிறது. அந்த விலை நியாயமானதா என்று அழுதுகொண்டே அவன் யோசிக்கிறான். காத்தானைக் கழுமரமின்றி ஆட எந்த அண்ணாவியும் இதுவரை துணிந்ததில்லை.

சலூனிற் கண்ட பையனும் அன்று வந்திருந்தான். புது முடிவெட்டோடு, தோழர் இருவருடன், கயிற்றுக்கு அருகே நின்றான். கழுமரக் காட்சி தொடங்கியதும் மூவரும் கைபேசியை உயர்த்திப் பதிவு செய்தனர். இரண்டு நாள் கழித்து அந்தப் பதிவை நமக்குக் காட்டினான். முப்பது விநாடி இருக்கும். உடுக்கொலியை நீக்கிவிட்டு ஏதோ ஒரு படத்தின் பின்னணி இசையைச் சேர்த்திருந்தார்கள். காத்தான் மெதுவாக மரத்தில் ஏறுகிறான். உச்சியை அடையுமுன் துண்டு முடிந்துவிடுகிறது.

நமக்கு அது பெரும் ஏமாற்றமாக இருந்தது. அண்ணாவியாரைக் கண்டு முறையிட்டோம். எழுபது வயது கடந்தவர். போருக்கு முன்னும் பின்னும், இடம்பெயர்ந்த முகாமிலும் காத்தான் ஆட்டியவர். கைபேசியை வாங்கி இரண்டு முறை பார்த்தார். மரத்தில் ஏறியவனின் கால்வைப்பு மூன்றாம் படியிற் பிசகியிருப்பதாகக் கூறினார். பிறகு, "பெடியள் விடியும்வரைக்கும் நிண்டவங்களோ?" என்று கேட்டார். நின்றார்கள் என்றோம்.

"அப்ப மிச்சம் அவங்களுக்குத் தெரியும்" என்று கைபேசியைத் திருப்பித் தந்தார். "வாற வருசம் பின்காத்தானுக்கு ஆளில்லை. அதிலை உயரமான பெடியன் ஆரெண்டு கேட்டுச் சொல்லுங்கோ."